கருகிய பிளக்கும் எரியாத பேட்டரியும்

கடிதம் எழுதியிருப்பவர் ஓர் ஆசிரியை, வயது 46. மூன்று வருடம் ஓடிய மின்சாரக் கார் ஒன்றை வாங்கிச் சில மாதங்கள் ஆகின்றன. எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை பேட்டரி. அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தள நிறுத்துமிடத்தில், தன் மீட்டரிலிருந்து இழுத்த ஒரு சாக்கெட்டில், காரோடு வந்த கையடக்க சார்ஜரைச் சொருகி இரவு முழுக்க சார்ஜ் போடுகிறார். கேபிள் எட்டாததால் நடுவில் ஒரு எக்ஸ்டென்ஷன். வாங்கிய புதிதில் சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிந்து, எர்த் இல்லை என்று காட்டியிருக்கிறது. எலக்ட்ரீஷியன் ஒருவர் வந்து சாக்கெட்டைக் கழற்றி, உள்ளே ஒரு துண்டு வயரை வைத்து முடுக்கிவிட்டுப் போனார். அதன்பின் விளக்கு பச்சை. இப்போது எக்ஸ்டென்ஷனின் பிளக்கில் ஒரு பின் பழுப்பேறிவிட்டது, தொட்டால் சுடுகிறது. ஆனால் எம்.சி.பி. என்ற, தானாக விழும் பாதுகாப்பு ஸ்விட்ச் ஒருமுறைகூட விழவில்லை என்பதால் அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவருடைய பயமெல்லாம் பேட்டரியைப் பற்றியது. ஒரு மழை நாளில் சாலையில் தேங்கிய தண்ணீரைக் கடந்து வந்தார். சில வாரம் கழித்து, உயர் மின்னழுத்த இன்சுலேஷனில் கோளாறு என்று டிஸ்ப்ளேயில் எச்சரிக்கை வந்தது, போனது, மறுபடி வந்தது. தெரிந்த மெக்கானிக், தண்ணீர் இறங்கியிருக்கும், பேட்டரியை இறக்கித் திறந்து காயவைத்துத் தருகிறேன் என்கிறார். 80 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் ஏற்றினால் வெடிக்கும் என்று தம்பி சொன்னதால் அதற்கு மேல் ஏற்றியதே இல்லை. ஆனாலும் ஒருநாள் 19 சதவீதம் காட்டிய வண்டி திடீரென்று 7-க்கு இறங்கிவிட்டது. இதற்கிடையே, கீழ்த்தளத்தில் சார்ஜ் செய்வதையே தடை செய்யப்போவதாகக் குடியிருப்போர் சங்கம் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. வீட்டில் மாமியாருக்குப் பேஸ்மேக்கர் வைத்திருக்கிறது, அவரை இந்தக் காரில் ஏற்றலாமா என்ற கவலை வேறு. "பேசாமல் வண்டியை விற்றுவிடட்டுமா?" என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

இந்தக் காரணங்களுக்காக வண்டியை விற்க வேண்டியதில்லை. ஆனால் இன்று இரவு அந்த சாக்கெட்டில் சார்ஜ் போடாதீர்கள். நாளைக்கும் வேண்டாம். பேட்டரியைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிய நீங்கள், பழுப்பேறிய பின்னையும் பச்சையாக மாறிய விளக்கையும் நாலு வரியில் முடித்துவிட்டீர்கள். உங்கள் கடிதத்தில் உடனடி ஆபத்து அந்த நாலு வரியில்தான் இருக்கிறது.

எம்.சி.பி. ஏன் விழவில்லை

எம்.சி.பி. கவனிப்பது ஒன்றைத்தான்: வயரில் அளவுக்கு மீறி மின்சாரம் ஓடுகிறதா என்று. உங்கள் சார்ஜர் 15 ஆம்பியர் இழுக்கிறது என்றால், பிளக் நன்றாக இருந்தாலும் கருகினாலும் ஓடப்போவது அதே 15 ஆம்பியர்தான். அது விழுவதற்குக் காரணமே இல்லை. பிளக் உருகித் தீப்பிடிக்கும் வரைகூட அது சும்மா இருக்கலாம்.

சூடு பிறப்பது பின்னும் சாக்கெட்டும் சேரும் இடத்தில். அங்கே பிடிப்பு தளர்ந்து 0.1 ஓம் மின்தடை உண்டானால் போதும், 15 ஆம்பியர் ஓடும்போது அந்த ஒரு புள்ளியில் 22 வாட்டுக்கு மேல் சூடாக மாறுகிறது. ஒரு சின்ன சாலிடரிங் அயர்னை பிளாஸ்டிக்குக்குள் புதைத்து ராத்திரி முழுக்க எரியவிட்டதற்குச் சமம். சூட்டில் உலோகம் மேலும் கறுத்து, பிடிப்பு இன்னும் தளர்ந்து, மின்தடை ஏறிக்கொண்டே போகும். கீசரும் அதே 15 ஆம்பியர் பிளக்கில்தானே ஓடுகிறது என்று கேட்பீர்கள். கீசர் கால் மணி நேரத்தில் அணைந்துவிடும். கார் எட்டு மணி நேரம் இடைவிடாமல் இழுக்கும். சாதாரண வீட்டு சாக்கெட்டுகள் பல இந்த உழைப்பைத் தாங்குவதில்லை.

எக்ஸ்டென்ஷன் இதை இன்னும் மோசமாக்குகிறது. கார் நிறுவனங்கள் தரும் கையடக்க சார்ஜர்கள் பலவற்றில், சுவரில் சொருகும் பிளக்குக்குள் வெப்பத்தை அளக்கும் சென்சார் உண்டு. சூடு ஏறினால் சார்ஜர் மின்சாரத்தைக் குறைக்கும், அல்லது நிறுத்தும். நீங்கள் நடுவில் எக்ஸ்டென்ஷன் போட்டுவிட்டதால் சென்சார் இருக்கும் பிளக் ஓரிடத்தில், கருகும் பிளக் வேறிடத்தில். அப்புறம் மீதிக் கேபிளைச் சுருட்டி வைத்திருந்தால், அந்தச் சுருளும் சூடாகும்.

அந்தத் துண்டு வயர்

இதைப் படித்ததும்தான் எனக்கு உண்மையிலேயே கவலை வந்தது. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், அவர் சாக்கெட்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒன்றாகக் கோத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். எர்த் இருப்பதாக சார்ஜரை நம்பவைக்க எளிய வழி அது. நிறையப் பேர் செய்கிறார்கள். சார்ஜரும் நம்பிவிடும்.

எங்கேயோ மேலே, மீட்டர் பக்கத்திலோ ஜங்ஷன் பெட்டியிலோ, நியூட்ரல் வயர் ஒன்று கழன்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். சார்ஜர் வழியாக வந்த மின்சாரத்துக்குத் திரும்பிப் போக வழியில்லை. அந்தத் துண்டு வயர் வழியாக அது எர்த் கம்பிக்குத் தாவும். எர்த் கம்பி காரின் உடம்போடு இணைந்திருக்கிறது. கதவுப்பிடியைத் தொடுகிறவருக்கு வீட்டு மின்சாரம் முழுசாக அடிக்கும். சார்ஜருக்குள் கசிவைக் கண்டுபிடிக்கும் பாதுகாப்பு இருக்கிறதே என்றால், அதன் கண்ணுக்கு இது தெரியாது. அதன் வழியே போன மின்சாரமும் திரும்பிய மின்சாரமும் சமமாகவே இருக்கும். பிசகு நடப்பது அதற்கு வெளியே, சாக்கெட்டில்.

கார் தன்னை எவ்வளவோ நன்றாகக் காத்துக்கொள்கிறது. சுவரில் இருக்கும் வயரிங்கைக் காக்க அதனால் ஆகாது. எனவே மெயினை அணைத்துவிட்டு அந்த சாக்கெட்டை இணைப்பிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். வேறொரு தகுதிபெற்ற எலக்ட்ரீஷியனை வைத்து இவற்றைச் செய்யுங்கள்:

- மீட்டரிலிருந்து கார் சார்ஜிங்குக்கென்றே தனி லைன். இடையில் வேறு சாக்கெட்டோ விளக்கோ கூடாது. வயரின் தடிமனைத் தூரத்தையும் ஆம்பியரையும் கணக்கிட்டு முடிவு செய்ய வேண்டும்.
- நிஜமான எர்த். கருவி வைத்து அளந்து, அளவை எழுதித் தரச் சொல்லுங்கள். "இருக்குங்க மேடம்" என்ற பதில் போதாது.
- 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி., அதாவது கசிவைக் கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஸ்விட்ச். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. காரிலிருந்து நேர்மின்சார (டி.சி.) கசிவும் வரலாம். மாறுமின்சாரக் கசிவை மட்டும் பார்க்கும் ஏ.சி. வகை ஆர்.சி.சி.பி. இதற்குப் பொருந்தாது. ஏ வகை என்றால், 6 மில்லியாம்பியர் நேர்மின்சாரக் கசிவைக் கண்டுபிடிக்கும் அமைப்பு சார்ஜரிலேயே இருக்க வேண்டும். இல்லையென்றால் பி வகை வாங்க வேண்டும்.
- சுவரில் நிரந்தரமாகப் பொருத்தும் சார்ஜர். பிளக்கே இல்லாவிட்டால் கருகுவதற்கும் ஒன்றும் இல்லை. 32 ஆம்பியர் கொடுத்தால் 230 வோல்ட்டில் சுமார் 7.4 கிலோவாட். உங்கள் மின் இணைப்பின் அனுமதிக்கப்பட்ட சுமை அதற்கு இடம் தராவிட்டால் 16 ஆம்பியரில் அமைத்தாலும் தினசரி ஓட்டத்துக்குத் தாராளம்.

இது முடியும் வரை பொது சார்ஜிங் நிலையத்தைப் பயன்படுத்துங்கள். அடிக்கடி வேகச் சார்ஜ் செய்தால் பேட்டரி கெட்டுவிடுமோ என்ற கவலை சில வாரங்களுக்கு வேண்டாம்.

இன்சுலேஷன் எச்சரிக்கை

உங்கள் கடிதத்தின் கடைசிப் பக்க ஓரத்தில் பேனாவால் பிறகு சேர்த்த ஒரு வரி: "ஏ.சி. போட்டால்தான் அந்த எச்சரிக்கை வருகிற மாதிரி இருக்கிறது. போன மாதம்தான் ஏ.சி.க்கு காஸ் நிரப்பினோம்." அந்த வரியை எழுதியதற்கு நன்றி.

மின்சாரக் காரில் ஏ.சி. கம்ப்ரெசரும் உயர் மின்னழுத்தத்தில்தான் ஓடுகிறது. அதற்குள் மோட்டாரின் சுருள்கள் காஸோடு கலந்து வரும் ஆயிலில் நனைந்தபடியே இருக்கும். அதனால் மின்சாரத்தைக் கடத்தாத பி.ஓ.இ. வகை ஆயில் போடுவார்கள். பெட்ரோல் கார்களின் ஏ.சி.யில் வழக்கமாகப் போடுவது பி.ஏ.ஜி. ஆயில். அது கொஞ்சம் கலந்தாலும் இன்சுலேஷன் இறங்கிவிடும். காஸ் நிரப்பும் மெஷினின் குழாயில் முந்தின காரின் ஆயில் மிச்சம் இருந்தாலே சிக்கல் வரலாம். கடிதத்தை மட்டும் வைத்து இதுதான் என்று நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் பேட்டரியை இறக்குவதற்கு முன்னால் சந்தேகப்பட வேண்டிய இடம் கம்ப்ரெசர்.

தண்ணீரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சக்கரத்தின் பாதிக்கும் கீழேதான் தண்ணீர் இருந்தது, சில நிமிடத்தில் கடந்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். கார் பேட்டரிப் பெட்டிகள் பெரும்பாலும் ஐ.பி.67 தரத்தில் மூடப்பட்டவை. அதாவது ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் வைத்துச் சோதித்தாலும் உள்ளே நீர் புகாத தரம். நிஜமாகவே பயப்பட வேண்டியது மணிக்கணக்கில் மூழ்கிக் கிடந்த வண்டியை, அதிலும் உப்புநீரில் மூழ்கியதை. 2022-இல் அமெரிக்காவின் புளோரிடாவை இயன் புயல் தாக்கியபின், கடல்நீரில் மூழ்கிய மின்சாரக் கார்கள் சில, தண்ணீர் வடிந்து நாள் கழித்துத் தீப்பிடித்தன. உங்கள் காருக்கு அப்படி எதுவும் நேரவில்லை.

எச்சரிக்கை வந்ததும் வண்டியே ஷாக் அடிக்கும் என்று நினைத்திருக்கிறீர்கள். காரின் உயர் மின்னழுத்தச் சுற்று, பிளஸும் சரி மைனஸும் சரி, காரின் உடம்போடு எங்குமே இணைக்கப்படவில்லை. ஒரு பக்கம் கசிந்தாலும் சுற்று முழுமையாகாது, உடனே ஷாக் அடிக்காது. இரண்டாவது பக்கமும் கசிந்தால்தான் ஆபத்து. முதல் கசிவிலேயே எச்சரிப்பதற்குத்தான் அந்தக் கண்காணிப்பு இருக்கிறது. இதற்கான ஐ.நா. விதிமுறை எண் 100. நேர்மின்சாரச் சுற்றுக்கு ஒரு வோல்ட்டுக்கு 100 ஓம், மாறுமின்சாரச் சுற்றும் அதோடு சேர்ந்திருந்தால் 500 ஓம் என்று குறைந்தபட்ச இன்சுலேஷனை அது வகுத்திருக்கிறது. எனவே அந்த எச்சரிக்கையை அலட்சியமும் செய்யாதீர்கள், சென்சாரைக் கழற்றிவிடச் சொல்லவும் செய்யாதீர்கள்.

செய்ய வேண்டியது: ஏ.சி.யைப் போடாமல், நிறுவனத்தின் சர்வீஸ் சென்டருக்குச் சொல்லுங்கள். எச்சரிக்கை சிவப்பில் வந்து நிறுத்தச் சொன்னால் ஓட்டாதீர்கள். பிளாட்பெட் லாரியில் ஏற்றச் சொல்லுங்கள். கயிறு கட்டி இழுத்தால் சக்கரம் சுற்றி மோட்டாரே மின்சாரம் உண்டாக்கும். சர்வீஸ் சென்டரில் கம்ப்ரெசர், ஹீட்டர், இன்வெர்ட்டர், பேட்டரி என்று ஒவ்வொன்றாகப் பிரித்து இன்சுலேஷன் அளக்கச் சொல்லி, அளவுகளை எழுத்தில் வாங்குங்கள். கம்ப்ரெசர் என்று தெரிந்து, காஸ் நிரப்பிய கடையின் பில்லும் கையில் இருந்தால், செலவை அவர்களிடம் கேட்க உங்களுக்கு நியாயம் இருக்கிறது.

அந்த மெக்கானிக்குக் கெட்ட எண்ணம் இருப்பதாக நான் நினைக்கவில்லை. ஆனால் பேட்டரியைத் திறக்க விடாதீர்கள். காரை அணைத்தால் கன்டாக்டர்கள் (பேட்டரியைக் காரோடு இணைக்கும் பெரிய ஸ்விட்சுகள்) திறந்து, பேட்டரிக்கு வெளியே மின்சாரம் வருவது நிற்கும், அவ்வளவுதான். பெட்டிக்குள்ளே 300, 400 வோல்ட் அப்படியே இருக்கும். அதற்கு ஸ்விட்ச் கிடையாது. பழுதுபார்க்கும்போது சுற்றைத் துண்டிக்கவென்று இருக்கும் சர்வீஸ் பிளக்கைக் கழற்றினாலும் அது பாதியாகப் பிரியுமே தவிரச் செத்துப்போகாது. ஸ்பேனர் ஒன்று தவறி இரண்டு பஸ்பார் (செல்களை இணைக்கும் உலோகப் பட்டை) மேல் விழுந்தால் வரும் தீப்பொறி தானாக அணையாது. எல்லாம் நல்லபடியாக முடிந்தாலும், திரும்ப மூடியபின் காற்றழுத்தம் கொடுத்து ஒழுகல் சோதனை செய்யாவிட்டால், அதுவரை புகாத தண்ணீர் இனிமேல்தான் புகும். வாரண்டியும் போய்விடும். பல நிறுவனங்கள் பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி தருகின்றன. பெரும்பாலும் அது அடுத்த உரிமையாளருக்கும் தொடரும். உங்கள் வண்டிக்கு மூன்று வருடம்தான் ஆகிறது. பெயர் மாற்றத்தையும் சர்வீஸ் பதிவுகளையும் சரிபார்த்து வையுங்கள்.

தம்பி சொன்ன 80

தம்பி சொன்னதில் பாதி சரி, அதுவும் வேறு வகை பேட்டரிக்கு. நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்த என்.எம்.சி. வகை பேட்டரியைத் தினமும் 80-இல் நிறுத்தினால் அதன் ஆயுள் கூடும். வெடிப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 100 என்று டிஸ்ப்ளே காட்டும் இடத்தில், செல்லுக்கு வகுத்த எல்லையை மீறாமல் பி.எம்.எஸ்., அதாவது பேட்டரியைக் கண்காணிக்கும் மின்னணு அமைப்பு, சார்ஜை நிறுத்திவிடும்.

உங்களுடையது எல்.எஃப்.பி. அதன் செல் மின்னழுத்தம், சார்ஜ் 20-இலிருந்து 80-க்குப் போகும்போதுகூட 3.3 வோல்ட்டை ஒட்டியே கிட்டத்தட்ட அசையாமல் இருக்கும். மின்னழுத்தத்தைப் பார்த்து மிச்சம் எவ்வளவு என்று சொல்ல பி.எம்.எஸ்.ஸால் முடியாது. உள்ளே வந்ததையும் வெளியே போனதையும் எண்ணி எண்ணித்தான் கணக்கு வைக்கும். அந்தக் கணக்கில் சேரும் பிழையை 100-ஐத் தொடும்போதுதான் திருத்திக்கொள்ளும். நீங்கள் மாதக்கணக்கில் 100-ஐத் தொடவே இல்லை. அதனால்தான் 19 என்று நம்பிக்கொண்டிருந்த வண்டி, செல்லின் மின்னழுத்தம் சரியத் தொடங்கியதும் 7-க்கு இறங்கியிருக்கிறது. உங்கள் காரின் கையேட்டில் இருக்கும், பெரும்பாலும் வாரம் ஒருமுறை 100 வரை ஏற்றச் சொல்லியிருப்பார்கள். 100 வந்தபின்னும் செல்களைச் சமப்படுத்த நேரம் பிடிக்கும், உடனே பிடுங்கிவிடாதீர்கள். நாலைந்து முறை இப்படிச் செய்தபின்னும் அதே மாதிரி விழுந்தால், செல்களுக்கு இடையே மின்னழுத்த வித்தியாசம் எவ்வளவு என்று சர்வீஸில் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு செல் பலவீனமாக இருக்கலாம், அது வாரண்டிக்குள் வரும் விஷயம்.

சங்கத்திடம் பேசும்போது

அவர்கள் பயத்தைக் கேலி செய்யாதீர்கள். கீழ்த்தளத்தில் புகை சூழ்ந்தால் அது எல்லோருக்கும் ஆபத்துதான். ஆனால் தடை எதைத் தடுக்கும் என்று கேளுங்கள். தென் கொரியாவின் இஞ்சியோனில் 2024 ஆகஸ்டில் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் எரிந்த மின்சாரக் கார், அப்போது சார்ஜில் இல்லை, சும்மா நின்றுகொண்டிருந்தது. ஏராளமான கார்கள் சேதமானதற்குப் பெரிய காரணம், அலாரம் அடித்ததும் ஊழியர் ஒருவர், தீயின்போது தானாக நீர் தெளிக்கும் ஸ்பிரிங்ளரை நிறுத்திவிட்டதுதான். சார்ஜிங்கைத் தடைசெய்துவிட்டு ஸ்பிரிங்ளர் வால்வைக் கவனிக்காமல் விட்டால் என்ன பயன்?

சுவீடனின் அவசரகால முகமை 2022-இல் கணக்கெடுத்தபோது, ஹைப்ரிட் வண்டிகளையும் சேர்த்து ஆறு லட்சத்துக்கும் மேலான மின்சாரக் கார்களில் தீப்பிடித்தவை 23. பெட்ரோல், டீசல் கார்களோடு ஒப்பிட்டால் விகிதம் மிகக் குறைவு. சங்கத்தில் யாராவது, மின்சாரக் கார்கள் புதியவை, பழசானால்தானே தெரியும் என்று கேட்டால், அது நியாயமான கேள்வி, ஒப்புக்கொள்ளுங்கள். எரியும் வாய்ப்பு குறைவு என்றாலும் எரிந்தால் அணைப்பது கடினம், அணைத்தபின் மறுபடி பற்றும், இதையும் மறைக்காதீர்கள். எல்.எஃப்.பி. செல் சிதையத் தொடங்கும் வெப்பநிலை அதிகம், அதிலிருந்து ஆக்சிஜன் வெளிவருவதும் குறைவு. ஆனால் அது எரியவே எரியாது என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

வெறும் கையோடு போகாமல் காகிதங்களோடு போங்கள்: புதிய வயரிங்குக்கான சோதனை அறிக்கை, இன்சுலேஷன் சரியான அறிக்கை, காரின் வி.ஐ.என். எண்ணுக்கு (வண்டியின் அடையாள எண்) ரீகால், அதாவது குறைபாட்டைச் சரிசெய்ய நிறுவனம் திரும்ப அழைப்பது, எதுவும் நிலுவையில் இல்லை என்ற உறுதி. ரீகால் முக்கியம். 2021-இல் செவ்ரோலே போல்ட் கார்கள் முழுவதையும் ஜெனரல் மோட்டார்ஸ் திரும்ப அழைத்தபோது காரணமாக இருந்தவை, செல் செய்யும்போதே நேர்ந்த இரண்டு பிழைகள்: கிழிந்த ஆனோடு (எதிர்மின்முனை) இணைப்பு, மடிந்த செப்பரேட்டர் (இரு முனைகளும் தொடாமல் பிரிக்கும் மெல்லிய படலம்). சரிசெய்யும் வரை 90 சதவீதத்தோடு நிறுத்துங்கள், வெளியே நிறுத்துங்கள், இரவில் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்காதீர்கள் என்று உரிமையாளர்களுக்குச் சொன்னார்கள். பழைய கார் வாங்குகிறவருக்கு இந்தக் கடிதங்கள் சில சமயம் வந்து சேராமல், முந்தைய உரிமையாளரின் முகவரிக்குப் போய்விடலாம். நீங்களே தேடிப் பாருங்கள். ரீகால் வேலைக்குக் காசு கிடையாது.

சங்கம் பொதுவாக ஒரு ஏற்பாடு செய்யச் சம்மதித்தால், வெளியேறும் வாசலுக்கும் படிக்கட்டுக்கும் தள்ளி, எல்லோருக்கும் பொதுவான சார்ஜிங் இடமும், வெளியிலிருந்து ஒரே தட்டில் மின்சாரத்தை நிறுத்தும் ஸ்விட்சும் கேளுங்கள். ஆளுக்கொரு எக்ஸ்டென்ஷன் இழுப்பதை அவர்கள் தடை செய்தால், நான் அவர்கள் பக்கம்தான்.

ஒருவேளை காரின் அடியிலிருந்து வெள்ளைப் புகையோ, சீறலோ, பட்பட்டென்று வெடிக்கும் சத்தமோ வந்தால் தீயணைப்பானைத் தேடாதீர்கள். எல்லோரையும் வெளியேற்றுங்கள். புகையைச் சுவாசிக்கக் கூடாது, அதில் நச்சு வாயுக்கள் உண்டு. தீயணைப்புத் துறைக்கு அழைக்கும்போது மின்சாரக் கார் என்று முதல் வரியிலேயே சொல்லுங்கள்.

மாமியாரைத் தாராளமாகக் காரில் ஏற்றுங்கள். பேஸ்மேக்கரோ டிஃபிப்ரிலேட்டரோ வைத்த 130 பேரை, 350 கிலோவாட் வரை தரும் வேகச் சார்ஜர்களில் தாங்களே கார்களைச் சார்ஜ் செய்யச் சொல்லி ஜெர்மனியில் நடத்திய ஆய்வு 2023-இல் வெளியானது. யாருடைய கருவியிலும் குறுக்கீடு இல்லை. சார்ஜ் ஏறும்போது கேபிளை நெஞ்சருகே பிடித்துக்கொண்டு நிற்கவோ சார்ஜரில் சாய்ந்து நிற்கவோ வேண்டாம், அது போதும். அடுத்த முறை இதய மருத்துவரிடம் போகும்போது அவருடைய கருவியின் மாடலைச் சொல்லி ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.